மக் கழுவிய தண்ணீர்

ஸ்கூட்டரை வீட்டருகே ஸ்டார்ட் செய்யக் கூடாது, தெருமுனை வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தள்ளினான். வாசல் பக்கம் வழியில்லை. அங்கே செருப்புகள் குவிந்து கிடந்தன, நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், கூடத்தில் குளிர்பெட்டிக்குள் மாமனார் படுத்திருந்தார். அதனால் பின்கதவு வழியாக, இரண்டு நீல ட்ரம்களைத் தாண்டி, எட்டுத் தக்காளிப் பாத்திகளின் ஓரமாக, துணிக்கொடிக்குத் தலையைக் குனிந்து, களவாடிய வண்டியைக் கடத்துகிறவன் போலப் போனான். பின்னால் மாமியார், காலையில் உடுத்தியிருந்த அதே புடவையில், கைக்குள் ஆய்வகச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி வந்தார்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமியார் அவன் வண்டியில் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஏறியதும், "பதினோரு மணிக்கு அங்க இருக்கணும் மாப்பிள்ளை" என்றார். என்ன வேலையாகப் போகிறார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவனுக்குத் தொல்லை.

மாமியார் மண் பரிசோதனை ஆய்வகத்தில் மூத்த அதிகாரி. மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மீன் கடையில் தூக்கிப் போடும் தலையையும் செதிலையும் வாங்கி வந்து, வெல்லம் போட்டு, புளித்த மோரும் சாணமும் சேர்த்து ட்ரம்மில் ஊறவைத்து, காலையும் மாலையும் நீளக் கம்பால் வலமாக ஐம்பது சுற்று, இடமாக ஐம்பது சுற்று கலக்கினார். அந்தக் கரைசலுக்கு அவர் வைத்த பெயர் ஊட்டம். மாமியார் வைத்த பெயர் சாக்கடை. ஒரு பங்கு ஊட்டத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் செத்த மண்ணும் எழுந்து உட்காரும் என்றார் மாமனார். ஆதாரம் எங்கே என்றார் மாமியார்.

அப்படித்தான் பந்தயம் ஆரம்பித்தது. எட்டுப் பாத்தி. நாலு பாத்தியில் சிவப்புத் துணி கட்டிய குச்சி, அதற்கு ஊட்டம். நாலில் வெள்ளைத் துணி, அதற்கு வெறும் தண்ணீர். அறுவடை முடிகிற சமயத்தில் மாமியார் பாத்திக்கு ஒரு சிட்டிகை மண் எடுப்பார். அதைச் சுத்தமான நீரில் கரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, கூழ் உறைய வைத்த கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுத் தடவி, சூட்டுப் பெட்டியில் மூன்று நாள் வைப்பார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா அந்த மூன்று நாளில் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாகும். புள்ளியை எண்ணினால் மண்ணில் எவ்வளவு உயிர் இருக்கிறதென்று தெரிந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் விட்டால் ஒன்றோடொன்று கலந்து பாயாக விரிந்துவிடும், எண்ண முடியாது.

இரண்டு வருடமாக ஒரே முடிவுதான். சிவப்பும் வெள்ளையும் சமம். தக்காளியும் சமம். 'வித்தியாசம் இல்லை' என்று மாமியார் நோட்டில் எழுதிவிட்டார். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும், ஜெயித்தவர் துடைத்து அடுக்க வேண்டும் என்பது பேச்சு. இரண்டு வருடமாக மாமனார் கழுவிக்கொண்டே இருந்தார்.

இது மூன்றாவது வருடம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மாமியார் தட்டுகளை உள்ளே வைத்தார். ஞாயிறு பதினோரு மணிக்கு எண்ண வேண்டும். "முடிவை முதல்ல என் காதுலதான் சொல்லணும், வேற யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று மாமனார் எல்லோர் முன்னாலும் வாக்கு வாங்கியிருந்தார். இன்று ஞாயிறு. விடியற்காலையில் ட்ரம்மைக் கலக்கி மூடிவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தவர், டிப்போவில் டூட்டி முடிந்து ஸ்டியரிங் மேல் சாய்கிற மாதிரி ட்ரம் மேல் சாய்ந்திருக்கிறார். மாமியார் காபி கொண்டுவந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கம்பு அவர் மடியில் குறுக்கே கிடந்ததாம்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் மாமியார் முடிவைக் கொண்டுவந்து அவர் காதில் சொல்லியாக வேண்டும்.

சொல்வார்தான். என்ன சொல்வார் என்பதுதான் மாப்பிள்ளையை அரித்தது. சிவப்பும் வெள்ளையும் சமம், நீங்க தோத்துட்டீங்க என்று சொல்வார். மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டே போவார். ஏன் சமமாகிறதென்று உயிரோடு இருப்பவர்களில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் இப்போது தேள் கொட்டிய திருடனாக ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

போன வருடம் மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன். பத்து நாள் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு வந்தது. கட்டிலில் கால் நீட்டிக்கொண்டே மாமனார் பாடம் எடுத்தார். மஞ்சள் மக்கால் ஊட்டத்தை மொண்டு வாளியில் கலக்கி, சிவப்புக்கு ஊற்ற வேண்டும். வெள்ளைக்குத் தண்ணீர். எல்லாம் முடிந்ததும் மக்கை வெள்ளைப் பாத்தியில் கழுவி ஊற்ற வேண்டும். பாத்திக்கு ஒரு கழுவல், ஆக நாலு.

மக்கைக் கழுவ நாலு பாத்தி எதற்கு என்று அவன் கேட்டான். மாமனார் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, கழுவுவதற்கு முன்னால் மக்கில் கொஞ்சம் ஊட்டம் மிச்சம் இருந்தால் தப்பில்லை என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவன் கேட்டான். முக்கால் மக் என்றார்.

"மாமா, அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்? நீங்களே உங்களைத் தோக்கடிக்கிறீங்களே?"

"என்ன செய்யச் சொல்றீங்க மாப்பிள்ளை? எட்டுப் பேரை ஒரே பந்தியில உக்கார வச்சுட்டு, நாலு பேருக்கு மட்டும் பரிமாறிட்டு நாலு பேரைத் தாண்டிப் போகச் சொல்றா உங்க அத்தை. பந்தி வஞ்சனை பண்ண எனக்குக் கை வரல. அதுங்க என்னையே பாக்குதுங்க."

பார்க்கிறதாம், தக்காளிச் செடி. மாப்பிள்ளை சிரித்துவிட்டான். மாமனாரும் சிரித்தார். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. தோற்றுப்போவதில் வருத்தமே இல்லையா என்று இவன் கேட்டதற்குச் சொன்ன பதில்தான் இவன் மனதில் அப்படியே நின்றது. "பாத்திரம்தானே? நான் கழுவுவேன், அவ பக்கத்துல துண்டோட நிப்பா. டூட்டி டூட்டின்னு ஓடின காலத்துல எங்க ரெண்டு பேருக்கும் அந்த அரை மணி நேரம் கெடச்சதே இல்ல மாப்பிள்ளை."

ஆய்வக வாசலில் காவல்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாளிலுமா என்று மாமியாரைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்து கதவைத் திறந்தார். வருடா வருடம் மாமனாரின் தக்காளி அவருக்கும் ஒரு பை வரும். "சார் எப்படி இருக்கார் மேடம்?" என்றார்.

மாமியார், "வீட்லதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை காவல்காரரின் முகத்தைப் பார்க்காமல் பின்னாலேயே நடந்தான்.

உள்ளே ஒரே வெள்ளை ஓடு, ஸ்பிரிட் வாசனை, ஓயாமல் ஓடும் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் முனகல். மாமியார் கைகழுவி, வெள்ளைக் கோட்டை மாட்டி, சூட்டுப் பெட்டியைத் திறந்து, எட்டுத் தட்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். விளக்கைப் போட்டார். பிறகு மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். தலையைத் தடவினார். கோட்டுப் பையைத் துழாவினார்.

கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வருட வேலையில் அவர் மறந்த முதல் பொருளாக அது இருக்கும். அது எங்கே இருக்கிறதென்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. காலையில் அழுதபோது கழற்றியது, ட்ரம் மூடிமேல் இருந்தது. போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டான். அந்த வீட்டுக்குள் ஒரு முறை போனால் மறுபடி வெளியே விடமாட்டார்கள் என்றார் மாமியார். அது நிஜம். மாமனாரின் அக்கா ஒருத்தர் போதும், வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வார்.

"நீங்க எண்ணுங்க மாப்பிள்ளை. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கும்."

எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். தட்டைக் கவிழ்த்து, பேனா முனையால் ஒவ்வொரு புள்ளிக்கும் நேராகக் கண்ணாடியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்தது எண்ணியது. இரண்டு தடவை எண்ணக் கூடாது, ஒன்றையும் விடக் கூடாது. சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை விளக்குக்கு நேராகத் தட்டைப் பிடித்தான். பார்த்ததும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. பால் வெள்ளையாகச் சில, மஞ்சளாகச் சில, ஓரம் சுருண்டு பூ மாதிரி சில, ரோஜா நிறத்தில் ஒன்றிரண்டு. மாமனார் இதைப் பார்த்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டிருப்பார். டொக். டொக். டொக். முதல் சிவப்பு நூற்று எழுபத்தெட்டு. அடுத்தது நூற்று அறுபத்தொன்பது. நூற்று எண்பத்து மூன்று. நூற்று எழுபத்து நாலு. சொன்னதையெல்லாம் மாமியார் கண்ணைத் திறக்காமலே பெரிய பெரிய எண்ணாக எழுதிக்கொண்டார்.

பிறகு வெள்ளைத் தட்டு. அதைத் தூக்கிப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதே கூட்டம். அதே பால் வெள்ளை, மஞ்சள், ரோஜா. முக்கால் மக் வேலை செய்திருந்தது. டொக் டொக்கென்று நிதானமாகப் புள்ளி வைத்து முடித்தான். நூற்று எழுபத்தொன்று.

கடையில் அவன் பொய் சொன்னதில்லை. பவர் கால் புள்ளி கூடினாலும் சொல்லிவிடுவான். ஆனால் கூடத்தில் படுத்திருக்கும் மனுஷனின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தக் காதில் கடைசியாகப் போகும் சொல் தோல்வியாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தபோது, "எண்பத்தி நாலு" என்று வந்தது.

மாமியார் எழுதினார். மாப்பிள்ளை அடுத்ததை எடுத்தான். நூற்று எழுபத்தாறு புள்ளி வைத்தான். "தொண்ணூத்தி ஒண்ணு" என்றான். இப்போது கொஞ்சம் சுலபமாக வந்தது.

மாமியார் எழுதவில்லை.

குளிர்சாதனப் பெட்டி நின்று, ஓர் உலுக்கல் உலுக்கி, மறுபடி ஓட ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, முதல் வெள்ளைத் தட்டுல நூத்தி எழுபத்தொரு தடவை பேனா சத்தம் கேட்டுது. இதுல நூத்தி எழுபத்தாறு. எனக்குக் கண்ணுதான் இன்னைக்கு இல்ல. காது இருக்கு."

முதல் நாலு தட்டையும் அவர் அப்படித்தான் கூடவே எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேனாவை மூடி வைத்தான். மூடி கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மூடினான். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் முழங்கால் ஆபரேஷனில் ஆரம்பித்தான். மஞ்சள் மக்குக்கு வந்தான். நாலு கழுவல், முக்கால் மக், பந்தி வஞ்சனை, தக்காளிச் செடி பார்க்கிற பார்வை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அரை மணி நேரத்தையும் துண்டையும் மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டான். அது அவனிடம் கொடுத்து வைத்த பொருள்.

மாமியாரின் தோள் குலுங்கியது. மாப்பிள்ளை பதறி எழுந்தான். தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது அழுகை இல்லை என்று தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, பிறகு சத்தத்தோடு, பிறகு ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். ஒன்பது வருடத்தில் அவர் பல் இத்தனை அவன் பார்த்ததில்லை. காவல்காரர் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்த ஆளைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்கு இது வேணும்" என்றார் மாமியார், கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். இந்த ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மழை. பஸ் வரும் நேரம் தப்பிவிட்டது. ஸ்டாப்புக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போதே பஸ் இவர் பக்கத்தில் வந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. ஏறிய இவர் நேராக டிரைவரிடம் போய், இங்கே ஸ்டாப் கிடையாதே, எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறார். நனைந்துகொண்டே நடக்கிறவர்களைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை என்றாராம் டிரைவர். ஸ்டாப்பில் குடையோடு நிற்கிறவர்களுக்கு நேரமாகாதா என்று இவர் விடவில்லை. மறுநாளும் நிறுத்தினாராம். அதற்கடுத்த நாள் மழையே இல்லை, அப்போதும் நிறுத்தினாராம்.

"மெமோ மேல மெமோ. ஒரு பெட்டி நிறைய இருக்கு. அந்த மனுஷன்கிட்டப் போயி நாலு பாத்திக்குப் பட்டினி போடுன்னு சொல்லியிருக்கேன் பாருங்க. என் புத்தியைச் சொல்லணும்."

மாப்பிள்ளைக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அப்படியானால் மாமா ஜெயித்துவிட்டார்தானே என்று கேட்டான். மாமியாரின் முகம் சட்டென்று அதிகாரி முகமானது. நோட்டைப் பின்னுக்குப் புரட்டி, முதல் பக்கத்தை அவனிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். ஊட்டம் ஊற்றுவதற்கு முன்னால், எட்டுப் பாத்தியிலும் எடுத்த முதல் கணக்கு. இதே அளவு நீர்த்த மண்ணில் முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்து நாலு. எல்லாம் முப்பதைச் சுற்றித்தான். இப்போது நூற்று எழுபது. இரண்டு வருடமாக இது ஏறுவது அவருக்குத் தெரியும். வெள்ளையிலும் ஏறுகிறதே, அதனால் தினமும் தண்ணீர் பாய்வதும், பாத்திமேல் போட்ட வைக்கோல் மக்குவதும்தான் காரணம் என்று எழுதி வைத்திருந்தார்.

"வைக்கோலா இருக்கலாம். ஊட்டமா இருக்கலாம். ஒண்ணுமே போடாத ஒரு பாத்தி இருந்தாத்தானே சொல்ல முடியும்? அதைத்தான் அவர் கழுவி ஊத்திட்டாரே. இந்தப் பரிசோதனை செல்லாது." சொல்லிவிட்டு ஒரு தட்டை எடுத்து, கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வெகு அருகில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார். மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் வந்திருக்குங்க எல்லாம்" என்றார்.

மீதி இரண்டு தட்டையும் எண்ணச் சொன்னார். இந்த முறை மாப்பிள்ளை சத்தமாகவே எண்ணினான்.

அவர்கள் திரும்பியபோது வீடு இன்னும் நிறைந்திருந்தது. பழைய டிரைவர்களும் கண்டக்டர்களும் ஒரு பக்கம், மாமனார் நடுவழியில் ஏற்றிக்கொண்ட பயணிகள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவரும் தங்களுக்காக பஸ் நின்ற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள், பிரசவ வலியோடு நின்றவளை பஸ்ஸோடு ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய் விட்டார் என்று சொன்னாள். மற்ற பயணிகள் சத்தம் போடவில்லையா என்று யாரோ கேட்டதற்கு, எல்லோரும் இறங்கி என்ன குழந்தை என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள் என்றாள். துக்க வீடு என்பதை மறந்து நாற்காலிகள் குலுங்கின.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. மதிய வெயிலில் ட்ரம்கள் தங்கள் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தன. புதிதாக வருகிறவர்கள் கூடத்துக்குள் கால் வைத்ததும் மூக்கைத் தொட்டுக்கொண்டு, எப்போது போனார் என்று மெதுவாகக் கேட்டார்கள். காலையில்தான் என்றால் நம்பாத மாதிரி குளிர்பெட்டியின் ப்ளக்கைப் பார்த்தார்கள். மாமனாரின் அக்கா ஒவ்வொருவருக்கும், "அது என் தம்பி இல்லப்பா, பின்னாடி ட்ரம்" என்று விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தார். மாமியாரைக் கண்டதும் அத்தனை களைப்பும் கோபமாகத் திரும்பியது.

"புருஷன் பொணமா கெடக்கும்போது எங்கம்மா போனே? ஊரு கேக்குது, நான் என்ன பதில் சொல்ல?"

"அவர் வேலையாத்தான் போனேன் அண்ணி" என்றார் மாமியார்.

மாப்பிள்ளையின் மனைவி அம்மாவையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணோடு, எண்ணியாயிற்றா என்று சைகையில் கேட்டாள். அவன் தலையசைத்தான். யார் என்று கேட்டாள். யார் ஜெயித்தது என்று அர்த்தம். அவன் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்கே தெரியவில்லை. செல்லாத பரிசோதனையைக் காதில் எப்படிச் சொல்வார்?

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். எல்லோரும் கடைசியாகப் பார்த்து நகர்ந்தபிறகு மாமியார் வந்தார். ட்ரம் மூடிமேல் இருந்த கண்ணாடியை யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள், அதை மாட்டியிருந்தார். கலைந்திருந்த மாமனாரின் காலரை இழுத்துச் சரிசெய்தார். குனிந்து, வலது காதருகே வாயை வைத்தார். தலைப்பக்கம் தூக்குவதற்காக நின்றிருந்த மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்டது.

"இந்த வருஷம் பாத்திரம் நான் கழுவுறேன்."

நிமிர்ந்து, தள்ளி நின்றுகொண்டார். மாமனாரின் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். பிற்பாடு, வண்டி கிளம்பிய சந்தடியில், என்ன மந்திரம் சொன்னாள் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். பாத்திரம் கழுவுகிறேன் என்று சொன்னார்கள் என்று அவன் உள்ளதை உள்ளபடியே சொன்னான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். துக்கத்தில் சில பேருக்கு இப்படித்தான் ஆகும் என்று தன் தம்பி மகளிடம் போய்ச் சொன்னார்.

அன்று மாலை, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, மாமியார் புடவையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனார். ட்ரம்மைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலமாக ஐம்பது, இடமாக ஐம்பது கலக்கினார். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் புதுப் பரிசோதனைக்கு விதிமுறை சொன்னார். இந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கிளறி, அடுத்த நாற்று நட வேண்டும். அதுவரைக்கும் சிவப்புக்கு ஊட்டம், வெள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் என்பது இன்றைக்கே அமலுக்கு வருகிறது. சிவப்பை அவர் பார்த்துக்கொள்வார். வெள்ளை மாப்பிள்ளையின் பொறுப்பு. மக்கை எக்காரணம் கொண்டும் வெள்ளைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கழுவுவதென்றால் குழாயடியில் கழுவ வேண்டும்.

"செடி உங்களைப் பாக்கும். நீங்க அதைப் பாக்காதீங்க" என்றார், சிரிக்காமல்.

சரி அத்தை என்றான் அவன். இரவு சாப்பாட்டுப் பாத்திரங்களை மாமியார் கழுவினார். யார் சொல்லியும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் மனைவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கூடத்தில் இருந்தவனுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் அவன் வெள்ளைப் பாத்திகளுக்கு நேர்மையாகத் தண்ணீர் ஊற்றினான். அதற்கு மறுநாளும் ஊற்றினான். செடிகள் பார்த்தமாதிரிதான் இருந்தது. அவன் கையை வாளியின் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு பின்பக்கம் போனபோது வெயில் சுவரைத் தாண்டியிருந்தது. சிவப்புப் பாத்திகள் நனைந்திருந்தன. வெள்ளைப் பாத்திகளுக்கு வந்து குனிந்தான். அங்கும் மண் ஈரமாக இருந்தது. நாலு பாத்தியிலும், ஒவ்வொரு செடியின் தூரைச் சுற்றியும், பழுப்பாக ஒரு வளையம். வைக்கோலிலிருந்து வெல்லமும் மீனும் கலந்த அந்த வாசனை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

சமையலறை ஜன்னலில் மாமியாரின் முதுகு தெரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வாளித் தண்ணீரை, ஊற்ற வேண்டிய இடத்திலேயே, வளையம் கலையாமல் மெதுவாக ஊற்றினான். ட்ரம் மூடியிருந்தது. அதன் மேல் மஞ்சள் மக், பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.